உயர் இரத்த அழுத்தமும் இருதயத் தசையின் சக்திச் செலவும்

இரத்த அழுத்தம் மிகுந்திருக்கிறது என்று ஒருவரிடம் கூறினால், அவரிடமிருந்து பெரும்பாலும் வரும் விடை, "எனக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே" என்பதாகும். தலைவலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, வேலை செய்வதில் தளர்ச்சியும் இல்லை. அவ்வாறிருக்க, நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்பதை அவர் ஏற்கத் தயங்குவது இயல்பே. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களும், பள்ளியில் உடலியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் இத்தயக்கத்தை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர்.

இது சிறிய விஷயமன்று. கேரள மாநிலத்தில் 2016-17ஆம் ஆண்டுகளில், 18 வயது முதல் 69 வயது வரையுள்ள ஏறத்தாழ 12,000 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. அவர்களுள் நூற்றுக்கு 30 பேருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அவ்வாறு மிகுந்திருந்தோருள் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 12 பேருக்கு மட்டுமே. கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னணியில் நிற்கும் ஒரு மாநிலத்தின் நிலையே இதுவாகும்.

தொந்தரவு ஏதும் தோன்றாத அந்த நீண்ட காலத்தில் உடலினுள் என்னதான் நடைபெறுகிறது? இதற்குரிய விடையின் பெரும்பகுதி இருதயத் தசையின் சக்திக் கணக்கில் அடங்கியுள்ளது. அக்கணக்கைச் சற்று விரிவாக நோக்குவோம்.

இருதயத்தின் அன்றாட வேலை

வளர்ந்த மனிதனின் இருதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளது. நிமிஷத்திற்கு 70 முறை வீதம் அது நாள் ஒன்றுக்கு 1,00,000 முறைக்குச் சற்று மேலாகத் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. இவ்வாறு ஒரு நாளில் வெளிச்செல்லும் இரத்தம் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆகும்.

இதே அளவு இரத்தத்தை எவ்வளவு அழுத்தத்திற்கு எதிராகத் தள்ள வேண்டியுள்ளது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். இரத்தத்தின் சராசரி அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசமாக இருப்பின், 70 மில்லி லிட்டரைத் தள்ள ஏறத்தாழ 0.93 ஜூல் வேலை செய்யப்படுகிறது. சராசரி அழுத்தம் 130 ஆனால், அதே அளவு இரத்தத்திற்கு 1.21 ஜூல் வேலை தேவைப்படுகிறது. வேற்றுமை ஒரு ஜூலில் கால் பங்கினும் சிறிது மிகுதி, அவ்வளவே. ஆனால் இதனை ஒரு நாளின் துடிப்புகளால் பெருக்கிப் பார்த்தால் 28,000 ஜூல் ஆகிறது. 50 கிலோகிராம் எடையுள்ள ஓர் அரிசி மூட்டையைத் தரையிலிருந்து 57 மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் வேலைக்கு இது சமமாகும். இருதயம் தனது வழக்கமான வேலைக்கு மேல், விடுமுறையின்றி, ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய கூடுதல் வேலை இது.

அழுத்தமே அதிகச் செலவு வைக்கிறது

மேற்கூறிய கணக்கு வெளியே தெரியும் வேலையை மட்டுமே காட்டுகிறது. உண்மைச் செலவு அதனினும் பெரிது. நீர் நிறைந்த குடத்தைக் கையில் ஏந்தி அசையாமல் நிற்கும் ஒருவர், இயற்பியல் விதிப்படி வேலை ஏதும் செய்யவில்லை. ஆயினும் அவரது கை களைத்துவிடுகிறது. தசையானது இறுக்கத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதற்கே சக்தி செலவாகிறது என்பதே காரணம். இருதயத்திலும் அவ்வாறே. பெருந்தமனியின் வால்வு திறக்கும் முன்னரே, உள்ளிருக்கும் இரத்தத்தின் அழுத்தத்தைத் தமனியின் அழுத்தத்திற்கு மேல் உயர்த்தக் கீழறை இறுக வேண்டியுள்ளது. தமனியில் அழுத்தம் மிகுந்திருப்பின், இந்த இறுக்கமும் மிகுகிறது.

அமெரிக்க விஞ்ஞானி சார்னாஃப் என்பவரும் அவரது குழுவினரும் 1958ஆம் ஆண்டில் இதனைச் சோதனை மூலம் தெளிவாக்கினர். நாய்களின் இருதயங்களில், வெளியேறும் இரத்தத்தின் அளவை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் உயர்த்தியபோது, தசை உட்கொள்ளும் பிராணவாயு பெரிதும் கூடியது. அழுத்தத்தை மாற்றாமல் இரத்தத்தின் அளவை மட்டும் உயர்த்தியபோது, பிராணவாயுச் செலவு சிறிதளவே கூடியது. அதாவது, இருதயத்திற்கு மிகுந்த செலவு வைப்பது அழுத்தமே, அளவு அன்று.

எரிபொருளும் நாணயமும்

தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தியை உடனடியாகத் தருவது அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருள். இதனைச் சுருக்கமாக ஏ.டி.பி. என்பர். இதனை உயிரணுவின் நாணயம் எனக் கொள்ளலாம். இருதயத்தில் எந்த நேரத்திலும் இருப்பில் உள்ள ஏ.டி.பி. சில விநாடித் துடிப்புக்கே போதுமானது. ஆகவே அது இடைவிடாமல் மீண்டும் மீண்டும் உண்டாக்கப்பட வேண்டும். இவ்வாறு ஒரு நாளில் இருதயத்தில் உண்டாகிச் செலவழியும் ஏ.டி.பி.யின் மொத்த எடை 6 கிலோகிராமுக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இது இருதயத்தின் எடையைப் போல ஏறத்தாழ இருபது மடங்காகும். கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் மற்றொரு பொருள், செலவு திடீரென்று கூடும்போது கைகொடுக்கும் சேமிப்பாக விளங்குகிறது.

ஏ.டி.பி.யை உண்டாக்கும் உலைகள் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய உறுப்புகள் ஆகும். அவ்வுலைகளில் பிராணவாயுவின் துணைகொண்டு எரிபொருள் எரிக்கப்படுகிறது. நலமுள்ள இருதயம் தனக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் கொழுப்பு அமிலங்களிலிருந்தும், எஞ்சியதைக் குளுக்கோஸ், லாக்டிக் அமிலம் முதலியவற்றிலிருந்தும் பெறுகிறது. சமயத்திற்கேற்ப எதனையும் எரிக்கவல்ல இந்த இணக்கமே நலமுள்ள இருதயத்தின் சிறப்பாகும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். கூடுதல் வேலைக்குக் கூடுதலாக உண்டால் போதாதா? போதாது. இருதயம் தான் செலவிடும் சக்தியில் கால் பங்கையே வேலையாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மேலே கண்ட கூடுதல் 28,000 ஜூலுக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் கொழுப்பே தேவை. எரிபொருளுக்குப் பஞ்சம் இல்லை. குறைபாடு வேறு இரண்டு இடங்களில் ஏற்படுகிறது: ஒன்று, பிராணவாயு வந்து சேரும் வழி, மற்றொன்று, எரிபொருளை எரிக்கும் உலை.

சுவர் தடிப்பதும் அதன் விலையும்

உடலின் பிற பகுதிகள் ஓய்வு நிலையில், தம்மிடம் வரும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவில் சராசரியாகக் கால் பங்கையே எடுத்துக்கொள்கின்றன. இருதயத் தசையோ ஓய்வு நிலையிலேயே நூற்றுக்கு 70 பங்கு வரை எடுத்துவிடுகிறது. ஆகவே மேலும் பிராணவாயு வேண்டுமாயின், மேலும் இரத்தம் பாய்ந்தாக வேண்டும். வேறு வழி இல்லை.

இடைவிடாத அழுத்தத்தைத் தாங்கும் பொருட்டு இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. சுவர் தடித்தால், அதன் ஒவ்வோர் இழையும் தாங்க வேண்டிய இறுக்கம் குறைகிறது. இந்த அளவில் இது நன்மையே. ஆனால் தசையிழைகள் பருக்கும் அளவிற்கு அவற்றிற்கிடையே ஓடும் தந்துகிகள் பெருகுவதில்லை. எனவே தந்துகியிலிருந்து இழையின் நடுவிற்குப் பிராணவாயு செல்ல வேண்டிய தூரம் கூடுகிறது. இடது கீழறையின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்திலேயே பாய்கிறது. தடித்து விறைத்த சுவர் நன்கு தளர்வதில்லை. இவ்விரண்டு காரணங்களாலும் சுவரின் உட்பகுதியே முதலில் வாட்டமுறுகிறது.

தளர்வதற்குச் சக்தி எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தசை சுருங்கும்போது உயிரணுவினுள் பரவிய கால்சியத்தை மீண்டும் அதன் சேமிப்பறைக்குள் ஏற்றினால்தான் தசை தளரும், அதற்கும் ஏ.டி.பி. செலவாகிறது. ஆகவே சக்தி குறையும் இருதயத்தில், சுருங்கும் ஆற்றல் குன்றுவதற்கு முன்னரே தளரும் ஆற்றல் குன்றக்கூடும். நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடலைத் திறவாமல் காந்த முறையால் இருதயத்தின் பாஸ்பேட் பொருள்கள் அளக்கப்பட்டன. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் ஏ.டி.பி.யுடன் ஒப்பிடக் கிரியேட்டின் பாஸ்பேட் குறைந்திருந்தது. இருதயம் தளர்வதில் ஏற்பட்ட குறைபாட்டோடு அது தொடர்புடையதாகவும் காணப்பட்டது. சேமிப்புக் கரையத் தொடங்குவதை இது காட்டுகிறது.

உடற்பயிற்சியினாலும் இருதயம் பருக்கிறதே, அதுவும் தீங்கா என்னும் கேள்வியும் எழும். அன்று. பயிற்சியின் சுமை சிறிது நேரத்தது; பின்னர் ஓய்வு உண்டு. அத்தகைய இருதயத்தில் தந்துகிகளும் தசையோடு சேர்ந்து வளர்கின்றன. கொழுப்பை எரிக்கும் திறனும் குன்றுவதில்லை. உயர் அழுத்தத்தின் சுமையோ உறக்கத்திலும் இறங்குவதில்லை. பெரிய இருதயம் எல்லாம் வலிய இருதயம் ஆகாது.

எரிபொருள் மாறுகிறது

இனி உலையினுள் நிகழும் மாற்றத்தைக் காண்போம். தாயின் கருவில் இருக்கும்போது சிசுவின் இருதயம் பெரும்பாலும் குளுக்கோஸையும் லாக்டிக் அமிலத்தையும் பயன்படுத்துகிறது. பிறந்த பின்னர் அது கொழுப்பு அமிலங்களுக்கு மாறுகிறது. அழுத்தத்தால் தடித்த இருதயம் மீண்டும் அக்கருநிலைப் பழக்கத்தை நோக்கித் திரும்புகிறது. கொழுப்பை எரிக்கும் நொதிகளை உண்டாக்கத் தூண்டும் புரதம் குறைகிறது, நொதிகளும் குறைகின்றன, குளுக்கோஸின் பங்கு கூடுகிறது.

இது ஒரு வகையில் சிக்கனமாகவே தோன்றும். பால்மிடிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தின் ஒரு மூலக்கூறு, 23 பிராணவாயு மூலக்கூறுகளைக் கொண்டு எரிந்து 106 ஏ.டி.பி. தருகிறது, ஒரு பிராணவாயுவுக்கு 4.6 வீதம். குளுக்கோஸ் 6 பிராணவாயுவைக் கொண்டு 30 முதல் 32 வரை தருகிறது. அதாவது ஒன்றுக்கு 5 அல்லது அதற்குச் சற்று மேல். பிராணவாயு தட்டுப்பாடாக உள்ள இடத்தில் குளுக்கோஸை நாடுவது அறிவுடைய செயல் என்றே கூறலாம்.

ஆனால் அச்சிக்கனம் முழுமையாகக் கைகூடுவதில்லை. தடித்த இருதயத்தில் குளுக்கோஸ் பாதி வழி வரை விரைவாக உடைகிறது. எனினும் அதற்கேற்ற அளவு மைட்டோகாண்டிரியாவுக்குள் சென்று முழுவதும் எரிவதில்லை. பாதி வழியில் நின்றுவிடும் குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றிலிருந்து 2 ஏ.டி.பி. மட்டுமே கிடைக்கும். அதனால் உண்டாகும் அமிலத்தன்மையை அகற்றவும் சக்தி செலவாகிறது. இவ்வாறாக வரவு குறைந்து, செலவு கூடி, இருதயம் நாளடைவில் பற்றாக்குறையை அடைகிறது.

திருவனந்தபுரத்தில் நடந்த ஆராய்ச்சி

இவ்வெரிபொருள் மாற்றம் தடிப்பின் விளைவு மட்டுந்தானா, அல்லது தடிப்பை வளர்க்கும் காரணங்களுள் ஒன்றாகவும் உள்ளதா? இக்கேள்வியை எடுத்து ஆராய்ந்த நிலையங்களுள் ஒன்று திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையம் ஆகும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1973இல் அளித்த கட்டடத்தில், 1976இல் மருத்துவ மையமாகத் தொடங்கிய இந்நிலையம், 1980இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கப்பெற்றது. மத்திய அரசின் விஞ்ஞான, தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் இந்நிலையமே, செயற்கை இருதய வால்வை நம் நாட்டிலேயே உருவாக்கிப் புகழ்பெற்றது.

அங்கு ரேணுகா நாயர் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் பிறவியிலேயே இரத்த அழுத்தம் உயரும் இயல்புள்ள எலிகளைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்ந்தனர். இவ்வெலி வகை, ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒகமோட்டோ, அவோகி என்னும் இருவரால் உருவாக்கப்பெற்று 1963இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரக் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் வயது ஏற ஏற, தசைத் தடிப்பும், பிராணவாயுவின் கேடான வடிவங்களால் உண்டாகும் சிதைவும், கொழுப்பு அமிலப் பயன்பாடும் காலத்தால் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றுள்ளன என்பதை ஆராய்ந்தனர்.

அவர்கள் 2017இல் வெளியிட்ட மற்றொரு சோதனை இன்னும் நேரடியானது. நீண்ட தொடருடைய கொழுப்பு அமிலங்கள் இருதய உயிரணுவினுள் நுழைவதற்குச் சி.டி.36 என்னும் புரதம் வாயிற்காவலன் போல் உதவுகிறது. தடிப்பில் இப்புரதம் குறைவதால், வாயில் குறுகி எரிபொருள் உட்செல்வது தடைப்படுகிறது என்று கருதினர். நடுத்தரத் தொடருடைய கொழுப்போ அவ்வாயிலை நாடாமலே உட்புக வல்லது. ஆகவே, எட்டு கார்பன் அணுக்களைக் கொண்ட காப்ரிலிக் அமிலத்தாலான தூய கொழுப்பை, உணவில் நூற்றுக்கு 5 பங்கு சேர்த்து, நான்கு மாத காலம் எலிகளுக்கு அளித்தனர். ஒரு தொகுதி எலிகளுக்குச் சோதனையின் தொடக்கத்தில் வயது 2 மாதம்; தடிப்பு ஆரம்ப நிலையில் இருந்தது. மற்றொரு தொகுதிக்கு வயது 6 மாதம், தடிப்பு நிலைபெற்றுவிட்டிருந்தது. இரு நிலைகளிலும் சிதைவு குறைந்தது; இருதயத் தசையின் கேடான மாற்றங்களும் தணிந்தன.

இதிலிருந்து பெறத்தக்க கருத்து முக்கியமானது. எரிபொருள் வழியைச் சீர்படுத்தியபோது தசையின் கேடும் தணிந்ததென்றால், சக்திக் குறைபாடு தடிப்பின் விளைவாக மட்டும் நிற்காமல், அதனை மேலும் வளர்ப்பதாகவும் இருக்க வேண்டும். அழுத்தம் தடிப்பை உண்டாக்க, தடிப்பு சக்தியைக் குறைக்க, சக்திக் குறைவு மீண்டும் தசையைக் கெடுக்கிறது. வட்டமாகச் சுழலும் இத்தீங்கு தொடங்கும் இடம் அழுத்தமே.

தேங்காய் எண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை

இச்செய்தியைக் கேட்டவுடன், "அப்படியானால் தேங்காய் எண்ணெய் இருதயத்திற்கு மருந்தாகுமா?" என்று கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் கேட்பவர் பலர் இருப்பர். அவ்வாறு கொள்வது தவறாகும். சோதனையில் பயன்பட்டது தூய காப்ரிலிக் அமிலக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அவ்வமிலம் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கே உண்டு. அதில் பாதியளவு இருப்பது பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அது உடலில் பெரும்பாலும் நீண்ட தொடர்க் கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. மேலும் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பூரிதக் கொழுப்பு. அது இரத்தத்தில் கொலஸ்டிரலை உயர்த்துவதாகும்.

எலியினின்று மனிதனுக்கு நேராகத் தாவுவதும் பொருந்தாது. மேற்படி எலி வகையின் சில கிளைகளில் சி.டி.36 புரதத்தின் மரபணுவே பிறவியில் பழுதுபட்டுள்ளது. மனிதருள் பெரும்பாலோரிடம் அவ்வாறில்லை. இச்சோதனை ஒரு வழியைச் சுட்டுகிறது. மருந்துச் சீட்டு எழுதித் தரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை நாடுபவர், நிச்சயமான பயனை விட்டு நிச்சயமற்றதைப் பற்றுபவராவார்.

களப்பணியாளர் கூறத்தக்கவை

நிச்சயமாக அறியப்பட்ட வழி அழுத்தத்தைக் குறைப்பதே. தொடர்ந்த சிகிச்சையால் அழுத்தம் கட்டுக்குள் வந்தால், தடித்த சுவர் படிப்படியாக மெலிகிறது. அவ்வாறு மெலிந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய ஆபத்துகள் குறைவு என்பதும் பெரிய ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. எனவே மக்களிடம் பின்வருமாறு விளக்கலாம்:

1. தொந்தரவு இல்லை என்பதால் சுமை இல்லை என்று ஆகாது. இருதயம் சேமிப்பிலிருந்து செலவு செய்யும் காலம் அது. மூச்சுத் திணறல் தோன்றும்போது சேமிப்புக் கரைந்திருக்கும்.

2. மாத்திரை உண்டபின் அழுத்தம் சரியாக இருந்தால், மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதே பொருள். நோய் நீங்கிவிட்டது என்பதன்று. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் பழைய சுமை மீண்டும் ஏறும்.

3. உப்பு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். புகையிலையை அறவே நீக்குதல் நலம்.

4. அளவு பிழைத்தால் அறிவுரையும் பிழைக்கும். அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் அமர்ந்து ஓய்வு கொள்ளச் செய்க. அரை மணி நேரத்திற்குள் தேநீர், காப்பி, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்திருத்தல் வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் ஊன்றியும், கை இருதய மட்டத்திலும் இருக்க வேண்டும். கையின் பருமனுக்கேற்ற பட்டையைச் சட்டையின் மேல் அன்றித் தோலின் மேலேயே கட்டுக. அளக்கும்போது பேசலாகாது. இருமுறையேனும் அளந்து குறித்துக்கொள்க. 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின், வேறொரு நாளிலும் அளந்து மருத்துவரிடம் அனுப்புக. 180/110 அல்லது அதற்கு மேல் இருப்பின் காத்திராமல் உடனே அனுப்புக.

ஆசிரியர்களுக்கு

வகுப்பில் இதனை விளக்க மிதிவண்டியின் காற்றடிக்கும் பம்பு ஒன்று போதும். காற்றில்லாத டயருக்குப் பத்து முறையும், காற்று நன்கு நிறைந்த டயருக்குப் பத்து முறையும் மாணவன் ஒருவனைக் கொண்டு அடிக்கச் செய்க. பம்பின் அளவு ஒன்றே. அடித்த தடவையும் ஒன்றே. ஆயினும் இரண்டாம் முறை கை சலிக்கும். பின்னர் அரிசி மூட்டைக் கணக்கை மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லலாம். தம் வீட்டில் இரத்த அழுத்தம் உள்ள பெரியவர் ஒருவர் இருப்பின், அக்கணக்கின் விடையை அவரிடம் சொல்லுமாறு கூறுக. மருத்துவரின் சொல்லைத் தட்டும் பெரியவர்களும் பேரப்பிள்ளையின் சொல்லைத் தட்டுவது அரிது.